காயலான் கடைக்குப் போடுமுன் கழற்றிப் பாருங்கள்

கலசப்பாக்கம் வட்டாரத்தில் செய்யாற்றின் இரு கரைகளிலும் உள்ள பழைய கிணற்று மேடுகளைச் சுற்றி வந்தால், கூரை சரிந்த என்ஜின் கொட்டகைகள் கண்ணில் படும். உள்ளே துருவேறிய ஆயில் என்ஜின் ஒன்று கிடக்கும். பக்கத்தில் காயில் கருகிய மோட்டாரும், வாய் மண்ணில் புதைந்த பம்பும் கிடக்கும். வீட்டுப் பரணில் ஓடாத துளை போடும் மெஷினோ, மருந்து தெளிக்கும் விசைத் தெளிப்பானோ இருக்கும். "இனி இது எதற்கு? இரும்பு வியாபாரி வந்தால் எடைக்குப் போட்டுவிடலாம்" என்பதே பெரும்பாலோர் எண்ணம்.

இந்த எண்ணம் பாதி சரி, பாதி தவறு. கொட்டகையில் கிடப்பதையெல்லாம் ஓட்டிக் காட்டுவேன் என்று பணத்தைக் கொட்டுவது வீண். பார்க்காமலே எல்லாவற்றையும் எடைக்குப் போடுவதும் வீண். எதை விடுவது, எதை மீட்பது என்பதை விவசாயி தானே கணக்குப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அப்படி மீட்க நினைக்கும் விவசாயிக்கு அரசின் கை நீள வேண்டும் என்பதும் நமது கருத்து.

ஏன் கைவிடப்பட்டன?

கவலை ஓட்டியும் ஏற்றம் மிதித்தும் தண்ணீர் இறைத்த நம் பகுதிக்கு முதலில் ஆயில் என்ஜினும் பின்னர் மின் மோட்டாரும் வந்தன. 1973-74ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழகங்களின் அறிஞர்கள் அன்றைய வட ஆற்காடு மாவட்டத்துக் கிராமங்களில் பசுமைப் புரட்சி பற்றி ஆய்வு நடத்தினர். புதிய நெல் ரகங்களுக்குக் கிணறும் பம்பு செட்டும் எவ்வளவு இன்றியமையாதவை என்பதை அந்த ஆய்வு எடுத்துக் காட்டியது. 1984இல் சிறு விவசாயிகளுக்கும் 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமாயிற்று. அதன்பின் டீசல் என்ஜினுக்கு மதிப்புக் குறைந்தது.

இதற்கிடையே கிணறுகளில் தண்ணீர் கீழே இறங்கிக்கொண்டே போயிற்று. மேட்டில் உட்கார்ந்து உறிஞ்சும் பம்பினால் சுமார் 20, 25 அடிக்கு மேல் தண்ணீரை இழுக்க முடியாது. இது என்ஜினின் குற்றமல்ல. நீர் குழாயில் ஏறுவதே காற்றின் அழுத்தத்தினால்தான். அந்த அழுத்தத்திற்கு ஓர் எல்லை உண்டு. எனவே ஆழ்துளைக் கிணறும் நீர்மூழ்கி மோட்டாரும் வந்தன. பழைய என்ஜின் மூலைக்குப் போயிற்று.

ஆக, இந்த என்ஜின்களில் பல, கெட்டுப்போய்க் கைவிடப்பட்டவை அல்ல. வேலை இல்லாமல் நின்றவை. நின்றதனால் துருப்பிடித்தவை. ஆகவே "இதை ஓட வைக்க முடியுமா?" என்பது இரண்டாவது கேள்விதான். "ஓடினால் இதற்கு என்ன வேலை கொடுக்கப் போகிறோம்?" என்பதே முதல் கேள்வி.

வேலை இருக்கிறதா?

தினமும் நெல்லுக்கும் கரும்புக்கும் தண்ணீர் பாய்ச்ச டீசல் என்ஜின் இன்று கட்டுப்படியாகாது. நல்ல நிலையில் உள்ள 5 குதிரை சக்தி என்ஜின்கூட முழுச் சுமையில் மணிக்கு ஒன்றேகால் லிட்டர் அளவு டீசல் குடிக்கும். மின் இணைப்பு உள்ளவர் அந்த வேலைக்கு இதைத் தொட வேண்டாம்.

ஆனால் வேறு வேலைகள் இருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் திறந்த கிணற்றில் தண்ணீர் மேலே நிற்கும் மாதங்களில் இறைப்பது ஒன்று. பண்ணைக் குட்டையிலிருந்து மேட்டுக் கொல்லையில் காயும் மல்லாட்டைக்கு ஓரிரு தண்ணீர் விடுவது மற்றொன்று. மாட்டுத் தீவனம் நறுக்கும் மெஷின், மல்லாட்டை உடைக்கும் மெஷின், கரும்பு ஆலை ஆகியவற்றைப் பெல்ட் போட்டு ஓட்டலாம். மின் இணைப்புக்கு எழுதிப் போட்டுக் காத்திருப்பவருக்கு இது பெரிய கைத்துணை.

இவையெல்லாம் ஆண்டுக்கு நூறு மணி நேர வேலைகள். இத்தகைய வேலைக்குப் புது மெஷினைக் கடனில் வாங்கினால், மெஷின் சும்மா நிற்கும் நாளிலும் வட்டி நிற்காது. பழையதை மீட்டால் டீசல் செலவு சற்றுக் கூடினாலும் கடன் இல்லை.

இங்கே ஒரு கணக்கை விவசாயிகள் மனத்தில் வைக்க வேண்டும். என்ஜின் புல்லியின் குறுக்களவை அதன் சுற்றுகளால் பெருக்கினால் வரும் தொகையும், மெஷின் புல்லியின் குறுக்களவை அதன் சுற்றுகளால் பெருக்கினால் வரும் தொகையும் சமமாக இருக்கும். நிமிடத்திற்கு 600 சுற்று ஓடும் என்ஜினில் 12 அங்குலப் புல்லி இருந்து, பம்பில் 5 அங்குலப் புல்லி இருந்தால், பம்பு 1,440 சுற்று ஓடும். தீவனம் நறுக்கும் மெஷினை இதே வேகத்தில் ஓட்டினால் கத்தி தெறித்துவிடும். வேலைக்கு வேலை புல்லி மாற வேண்டும்.

என்ஜினில் என்ன பார்க்க வேண்டும்?

மெதுவாக ஓடும் பழைய என்ஜின்களில் பெரும்பாலானவை லிஸ்டர் மாதிரியைச் சேர்ந்தவை. இங்கிலாந்தில் டர்ஸ்லி என்ற ஊரில் இருந்த லிஸ்டர் கம்பெனி 1930களிலிருந்து 1987 வரை இந்த வகையைச் செய்தது. நிமிடத்திற்கு 600, 650 சுற்று மட்டுமே ஓடும். இருபுறமும் கனமான சக்கரம் இருக்கும். தண்ணீரால் குளிர வைப்பது. நம் நாட்டில் குஜராத்தின் ராஜ்கோட் பட்டறைகள் அதே அச்சில் ஏராளமாகச் செய்து அனுப்பின. ஒரே அச்சு என்பதால் இதற்கு உதிரி பாகம் கிடைப்பது மற்றப் பழைய என்ஜின்களைவிட எளிது. ஆயினும் பழைய பாகத்தைக் கையில் எடுத்துப் போய் அளவு ஒப்பிட்டே வாங்க வேண்டும்.

சக்கரம் அசையவில்லை என்றால் சம்மட்டியால் அடிக்கக் கூடாது. இன்ஜெக்டரைக் கழற்றி, சிலிண்டருக்குள் டீசலும் என்ஜின் ஆயிலும் கலந்து கொஞ்சம் ஊற்றிச் சில நாள் ஊற விடுங்கள். பின்னர் சக்கரத்தை இப்படியும் அப்படியும் கையால் மெல்ல அசைத்துப் பாருங்கள். பல என்ஜின்கள் இதற்கே இளகிவிடும்.

அடுத்து அடித்தொட்டியின் ஆயிலை வடித்துப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் பரவாயில்லை. பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. காஸ்கெட் போயிருக்கலாம், அல்லது பிளாக்கில் வெடிப்பு இருக்கலாம். வெடித்த பிளாக்கிற்குச் செலவு செய்ய வேண்டாம். அதை உதிரி பாகத்திற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சக்கரம் சுற்றத் தொடங்கியதும் அழுத்தம் பார்க்க வேண்டும். வால்வைத் தூக்கிப் பிடிக்கும் லீவரை விட்டுவிட்டுச் சக்கரத்தைச் சுற்றினால், ஓரிடத்தில் அது முட்டிப் பின்னுக்குத் திமிற வேண்டும். திமிறாமல் வழுக்கிப் போனால் வால்வோ, பிஸ்டன் ரிங்கோ, லைனரோ தேய்ந்திருக்கிறது. வால்வு அரைப்பதும் ரிங் மாற்றுவதும் சிறு செலவு. லைனர், கிராங்க் என்று போனால் பெரிய செலவு. இந்த இடத்திலேயே நின்று மொத்தச் செலவைக் கேட்டுக்கொள்வது நல்லது.

டீசல் தொட்டி, குழாய், வடிகட்டி மூன்றையும் சுத்தம் செய்த பிறகே புது டீசல் ஊற்ற வேண்டும். நாசிலைப் பம்பு சோதனை செய்யும் கடையில் கொடுத்து, பனிபோலத் தூவுகிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். சொட்டுச் சொட்டாக விழுந்தால் டீசல் வீணாகும், புகை கக்கும்.

ஓடத் தொடங்கிய பின் புகையே வைத்தியம் சொல்லும். கரும்புகை வந்தால் சுமை அதிகம், அல்லது காற்று வடிகட்டி அடைப்பு, அல்லது நாசில் கோளாறு. நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது, ரிங்கைப் பாருங்கள். சூடேறிய பிறகும் வெண்புகை நிற்காவிட்டால் அழுத்தம் போதவில்லை, அல்லது தண்ணீர் புகுகிறது.

என்ஜினைச் சரி செய்துவிட்டுக் குழாயை மறப்பவர் அதிகம். குஜராத்தில் டாக்டர் எஸ்.எம்.பட்டேல் 1980களில் பம்பு செட்டுகளைச் சோதித்து, புட்வால்வையும் குழாயையும் உராய்வு குறைந்தவையாக மாற்றினாலே எரிசக்தி கணிசமாக மிச்சமாகும் என்று காட்டினார். துவாரம் அடைத்த புட்வால்வு, தேவையில்லாத வளைவு, சிறுத்த குழாய் ஆகியவை இருக்கும் வரை எந்த என்ஜினும் டீசல் அதிகமாகவே குடிக்கும்.

மோட்டாரில் என்ன பார்க்க வேண்டும்?

மூலையில் கிடந்த மோட்டாரைத் துடைத்துவிட்டு நேரே கரண்டு கொடுப்பது தவறு. முதலில் தண்டு கையால் சுற்றுகிறதா, பேரிங் கரகரக்கிறதா என்று பாருங்கள். ஈரம் இருந்தால் வெயிலில் நன்றாக உலர்த்துங்கள். பிறகு எலக்ட்ரீஷியனிடம் மெக்கர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். காயிலுக்கும் உடம்புக்கும் இடையே குறைந்தது 1 மெக்ஓம் காட்டாத மோட்டாருக்குக் கரண்டு கொடுக்கக் கூடாது.

காயில் கட்ட வேண்டுமானால் கட்டுபவரைத் தெரிந்து கொடுங்கள். பழைய காயிலை எடுக்கத் தீயில் போட்டு எரித்தால், உள்ளே இருக்கும் தகடுகளின் காப்புப் பூச்சு போய்விடும். அப்படிக் கட்டிய மோட்டார் ஓடும், ஆனால் சூடேறும். சீக்கிரம் மறுபடியும் கருகும். பழைய கம்பியின் கனமும் சுற்று எண்ணிக்கையும் மாறாமல் கட்ட வேண்டும். "ஒரு கேஜ் குறைத்தால் விலை குறையும்" என்று சொன்னால் வேறு கடைக்குப் போங்கள்.

மோட்டார் கருகுவதற்கு முக்கியக் காரணம் ஒரு பேஸ் போன நிலையிலும் ஓடுவதுதான். கப்பாசிட்டர் போட்டு இரண்டு பேஸில் ஓட்டும் பழக்கம் நம் பக்கத்தில் உண்டு. இதனால் மோட்டாரின் ஆயுள் குறைகிறது, டிரான்ஸ்பார்மரும் பாதிக்கப்படுகிறது. பேஸ் போனால் தானே நிறுத்தும் கருவி ஒன்றை ஸ்டார்ட்டரில் சேர்த்துவிட்டால், காயில் கட்டும் செலவு பலமுறை மிச்சம்.

இலவச மின் இணைப்பு தண்ணீர் இறைக்கக் கொடுக்கப்பட்டது. மீட்ட மோட்டாரைத் தீவன மெஷினுக்கோ வேறு வேலைக்கோ மாட்டுமுன் மின் வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

உயிரைவிட மெஷின் பெரிதல்ல

பழைய மெஷினை மீட்பதில் ஆபத்தான கட்டங்கள் சில உண்டு. இவற்றை அலட்சியம் செய்யக் கூடாது.

தண்ணீர் எட்டவில்லை என்று என்ஜினைக் கிணற்றுக்குள் மேடை கட்டி இறக்கி ஓட்டுவது கூடவே கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. கிணற்றுக்குள் அது தேங்கி நிற்கும். இறங்கியவர் மயங்கி விழுவார், அவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார். மூடிய கொட்டகைக்கும் இதே எச்சரிக்கைதான். புகைக் குழாய் வெளியே போக வேண்டும்.

கனச் சக்கரத்தைச் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். மணிபோல் ஒலித்தால் நல்லது. சொத்தென்று ஒலித்தால் வெடிப்பு இருக்கலாம். அந்த என்ஜினை ஓட்ட வேண்டாம். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் இறுகியிருந்தால் என்ஜின் கட்டுமீறி ஓடும், சக்கரமே சிதறும். ஆகவே முதல் ஓட்டத்திற்கு முன் கவர்னரும் டீசலை நிறுத்தும் லீவரும் இளக்கமாக அசைகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

ஹேண்டில் சுற்றும்போது கட்டைவிரலை மற்ற விரல்கள் இருக்கும் பக்கமே வையுங்கள். சுற்றிப் பிடித்தால் என்ஜின் பின்னுக்கு உதைக்கும்போது விரல் போய்விடும். நாசில் தூவும் பாதையில் கையை நீட்டாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். அப்படி நேர்ந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பழைய காஸ்கெட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும். உலர்ந்த நிலையில் சுரண்டாமல், ஈரப்படுத்தி எடுத்துப் புதைத்துவிட வேண்டும். வேட்டி நுனியும் சேலைத் தலைப்பும் சிக்காதபடி பெல்ட்டுக்குக் கம்பி வலைக் காப்பு அவசியம். துளை போடும் மெஷின், சாணை மெஷின் போன்ற கைக்கருவிகளில் பழைய ஒயரை மாற்றி, உலோக உடம்பு உள்ளவற்றுக்கு எர்த் கொடுத்த பிறகே கையில் எடுக்க வேண்டும். வடித்த பழைய ஆயிலைக் கிணற்று ஓரத்திலோ வாய்க்காலிலோ கொட்டாமல் டப்பாவில் பிடித்துப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

மூன்று தொகைகள்

ஒரு தாளில் மூன்று தொகைகளை எழுதுங்கள். எடைக்குப் போட்டால் என்ன கிடைக்கும்? மீட்க என்ன செலவாகும்? அதே வேலைக்குப் புதிதாக வாங்கினால் என்ன ஆகும்? மீட்கும் செலவு புது விலையில் பாதியைத் தாண்டினால் விட்டுவிடுங்கள். பாதிக்குள் அடங்கி, கையில் வேலையும் இருந்தால் மீட்டுவிடுங்கள். ஒருவருக்கு நூறு மணி நேர வேலை இல்லையென்றால், பக்கத்துக் கொல்லைக்காரர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு என்ஜினை மீட்டு முறை வைத்துப் பயன்படுத்தலாம்.

ஆரணிப் பட்டு நெசவாளர் வீட்டில் தறி எப்படி நிற்கிறது என்று பாருங்கள். அச்சு தேய்ந்தால் அச்சு மாறும், விழுது போனால் விழுது மாறும். அதற்காகத் தறியைத் தூக்கி எறிவதில்லை. விவசாயி தன் மெஷினிடமும் அந்தப் பார்வையைப் பழக வேண்டும்.

கைத்தொழில் போகக் கூடாது

இந்த விஷயத்தில் நமக்குள்ள பெரிய கவலை இரும்பைப் பற்றியதல்ல, ஆளைப் பற்றியது. லிஸ்டர் என்ஜினின் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்லும் மேஸ்திரிகள் வயதாகி ஓய்ந்துகொண்டிருக்கிறார்கள். பழைய என்ஜின்கள் எல்லாம் எடைக்குப் போய்விட்டால் அவர்கள் கற்றுக்கொடுக்க ஒன்றும் இருக்காது. அதன் பிறகு புது மெஷின் கெட்டாலும் நகரத்துக் கம்பெனி ஆள் வரும் வரை பயிர் காய வேண்டியதுதான்.

கோவை ஜி.டி.நாயுடு இளமையில் ஓட்டலில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, வெள்ளைக்கார அதிகாரி ஒருவரிடமிருந்து பழைய மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்கக்காகக் கழற்றிப் பூட்டியே தொழில் கற்றார். அவரும் டி.பாலசுந்தரமும் சேர்ந்து 1937இல் இந்தியாவின் முதல் மின் மோட்டாரைச் செய்தார்கள். கழற்றிப் பார்த்தவர் கையிலிருந்தே புதியது பிறக்கும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? நம் அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் பிட்டர், எலக்ட்ரீஷியன், டீசல் மெக்கானிக் படிக்கும் பிள்ளைகள் விவசாயியின் உண்மையான என்ஜினைக் கழற்றிப் பழகட்டும். பிள்ளைக்குப் பாடம், விவசாயிக்குப் பலன்.

அரசு செய்ய வேண்டியது

பழைய பம்பு செட்டுக்குப் பதில் புது மின் மோட்டார் வாங்க வேளாண் பொறியியல் துறை மானியம் தந்து வந்திருக்கிறது. 2019இல் தொடங்கிய பிரதமரின் குசும் திட்டத்தில் சூரிய சக்தி பம்பு செட்டுக்கும் மானியம் உண்டு. இவை நல்ல திட்டங்கள். ஆழ்துளைக் கிணறு உள்ளவர்கள் அவசியம் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். ஆனால் புதிது வாங்கினால்தான் உதவி, உள்ளதைக் காப்பாற்றினால் உதவி இல்லை என்ற நிலை சரியல்ல. மானியம் போகத் தன் பங்கைக் கட்ட முடியாத விவசாயிதான் பழையதோடு மல்லாடுகிறார். உதவி முதலில் போய்ச் சேர வேண்டியவர் அவரே.

ஆண்டுக்கு இருமுறை, ஆடிக்கு முன்பும் தைக்குப் பின்பும், ஒன்றியந்தோறும் மராமத்து முகாம் நடக்க வேண்டும். மெக்கரும் நாசில் சோதனைக் கருவியும் அங்கே இருக்க வேண்டும். வயதான மேஸ்திரிகளுக்குச் சம்பளம் கொடுத்து அழைத்து வர வேண்டும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்கள் பயிர்க் கடனைப் போல மராமத்துக்கும் சிறு கடன் தர வேண்டும்.

இது நாம் மட்டும் கேட்பதல்ல. இங்கிலாந்தில் டூல்ஸ் பார் செல்ப் ரிலையன்ஸ் என்ற தொண்டு நிறுவனம் 1970களின் இறுதியிலிருந்து, மக்கள் ஒதுக்கிய கருவிகளைச் சேர்த்து, சரி செய்து, ஆப்பிரிக்கக் கைவினைஞர்களுக்கு அனுப்பி வந்தது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2023இல் சட்டம் போட்டு, விவசாய மெஷின் செய்யும் கம்பெனிகள் உதிரி பாகங்களையும் பழுது பார்க்கும் விவரங்களையும் விவசாயிக்குத் தர வேண்டும் என்று ஆக்கியது. நம் மத்திய அரசும் 2022 ஜூலையில் பழுது பார்க்கும் உரிமை பற்றி ஆராயக் குழு அமைத்தது. அக்குழு எடுத்துக்கொண்ட துறைகளில் விவசாயக் கருவிகளும் ஒன்று. அந்த உரிமை சட்டமாக உறுதிப்பட வேண்டும். இன்று வாங்கும் மெஷினும் நாளைக்குப் பழையதுதான். உதிரி பாகமும் படமும் கிடைத்தால்தான் அதையும் நம் ஊர்ப் பட்டறையில் மீட்க முடியும்.

இந்தக் கோரிக்கைகள் நிறைவேறும் வரை விவசாயி காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை இரும்பு வண்டி ஊருக்குள் வரும்போது தராசில் ஏற்றுமுன் ஒரு வாரம் தவணை கேளுங்கள். இன்ஜெக்டரைக் கழற்றுங்கள், டீசலை ஊற்றுங்கள், சக்கரத்தை அசைத்துப் பாருங்கள், மூன்று தொகைகளை எழுதுங்கள். விற்பதுதான் சரி என்று கணக்குச் சொன்னால் தயங்காமல் விற்றுவிடுங்கள். கணக்குப் பார்க்காமல் மட்டும் விற்காதீர்கள்.